பழைய ரிசீவரும் புதிய ஸ்பீக்கரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (கல்லடி, மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்):

என் மூத்த அண்ணன் 1980களின் தொடக்கத்தில் சவூதியில் வேலை முடித்துத் திரும்பும்போது கொண்டுவந்த, வானொலியும் அம்ப்ளிபயரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்டீரியோ ரிசீவர் எங்கள் வீட்டில் இன்னும் பாடுகிறது. இடம், வலம் என ஒவ்வொரு பக்கத்து ஸ்பீக்கருக்கும் 35 வாட், 8 ஓம் என்று அதன் கையேட்டில் உள்ளது. அதனோடு வந்த ஸ்பீக்கர்களின் விளிம்பு நுரை உக்கி உதிர்ந்துவிட்டதால், கனடாவிலுள்ள மருமகன் ஒரு சோடி சிறிய ஸ்பீக்கர்களை வாங்கி அனுப்பியிருக்கிறார். அவற்றின் பெட்டியில் 6 ஓம், உணர்திறன் 86 டெசிபெல், பொருத்தமான அம்ப்ளிபயர் வலு 25 முதல் 120 வாட் வரை என்று அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் ஒருவர், 35 வாட் போதாது, ஸ்பீக்கர் எரிந்துவிடும் என்கிறார். செற் திருத்தும் தம்பி ஒருவர், 6 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் ரிசீவர் எரிந்துவிடும் என்கிறார். நான் கேட்பது வடமோடிக் கூத்துப் பதிவுகள், நாதஸ்வரம், வானொலி. அறை 14 அடிக்கு 12 அடி. எதை நம்புவது?

பதில்:

இருவர் சொன்னதிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. ஆனால் உங்கள் அறைக்கும் நீங்கள் கேட்கும் முறைக்கும் இரண்டு அச்சமும் பொருந்தாது. ரிசீவர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொண்டு, அந்தச் சோடியை மட்டும் பூட்டிக் கேளுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே குழப்பத்தோடு பலர் நல்ல பழைய ரிசீவர்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள்; அது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

ரிசீவரின் வாட்டையும் ஸ்பீக்கரின் வாட்டையும் சமப்படுத்த வேண்டும் என்ற எண்ணந்தான் குழப்பத்தின் வேர். ரிசீவரின் 35 வாட் என்பது அது கொடுக்கக்கூடிய உச்ச வலு. எந்நேரமும் அது வெளியே தள்ளும் வலு அன்று. ஸ்பீக்கரின் 120 வாட் என்பது அது தாங்கக்கூடிய எல்லை. அதற்குக் கட்டாயமாக ஊட்ட வேண்டிய அளவு அன்று. ஐம்பது மூடை ஏற்றும் லொறியில் இரண்டு மூடை ஏற்றிப் போனால் லொறிக்கு ஒரு கெடுதியும் வராது.

சத்தம் எவ்வளவு வரும் என்பதைச் சொல்வது உங்கள் பெட்டியில் உள்ள அந்த 86 டெசிபெல் என்ற எண்தான். ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் 86 டெசிபெல் சத்தம் வரும் என்பது அதன் பொருள். இதன் அருமையை விளங்கிக்கொள்ள மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கம்பத்திலும் மரத்திலும் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகள் பல ஒரு வாட் வலுவிலேயே 105 டெசிபெலைத் தாண்டுபவை. பத்து டெசிபெல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வலு வேண்டும். இருபது டெசிபெல் என்றால் நூறு மடங்கு. ஆகவே அந்தக் கூம்பு ஒரு வாட்டில் எழுப்பும் சத்தத்தை உங்கள் சிறிய ஸ்பீக்கர் எழுப்ப வேண்டுமானால் ஏறத்தாழ நூறு வாட் தேவைப்படும். கூம்பின் இசைத்தரம் வேறு விடயம். நான் சொல்ல வருவது, வாட்டை மட்டும் வைத்துச் சத்தத்தை மதிப்பிட முடியாது என்பதே.

இப்போது உங்கள் அறையைக் கணக்கிடுவோம். 8 ஓமில் 35 வாட் என்றால் ரிசீவர் ஏறத்தாழ 16.7 வோல்ட் வரை கொடுக்கும். அது 2.83 வோல்ட்டைப்போல் ஆறு மடங்கு, அதாவது 15 டெசிபெல் அதிகம். எனவே ஒரு ஸ்பீக்கர் ஒரு மீற்றரில் 101 டெசிபெல் வரை போகும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் மூன்று டெசிபெல் கூடும். நீங்கள் எட்டுப் பத்து அடி தள்ளி அமர்வதால் குறையும். ஆனால் மூடிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்வதால் வெட்டவெளியில் குறையும் அளவுக்குக் குறையாது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், உங்கள் கதிரையில் 95 டெசிபெல் அளவு கிடைக்கும். சாதாரண உரையாடல் 60 டெசிபெலைச் சுற்றி நிற்பது. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் 85 டெசிபெலில் இருப்பது காதுக்குக் கேடு என்று தொழிற்சுகாதார விதிகள் சொல்கின்றன.

வீட்டில் இசையை நிறைவாகக் கேட்கும்போது சராசரி 75 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், அது உச்சத்திலிருந்து இருபது டெசிபெல் கீழே, அதாவது நூறில் ஒரு பங்கு வலு. 35 வாட்டில் நூறில் ஒரு பங்கு 0.35 வாட். உங்கள் நாதஸ்வரக் கச்சேரி பெரும்பாலும் ஓடுவது ஒரு வாட்டின் மூன்றில் ஒரு பங்கில்தான்.

அப்படியானால் மீதி வலு எதற்கு? கூத்துக்குத்தான். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் ஓங்கி அடிக்கும் அந்தக் கணம், சராசரிச் சத்தத்தைவிடப் பதினைந்து இருபது டெசிபெல் எழும்பும். பதினைந்து என்றால் 11 வாட், இருபது என்றால் முழு 35 வாட்டும் அந்த ஒரு கணத்துக்குத் தேவை. கூத்தாடும் வட்டக்களரியில் நின்று கேட்டவருக்குத் தெரியும், மத்தளம் நெஞ்சில் வந்து அடிக்க வேண்டும்; அது தட்டையாகக் கேட்டால் ஆட்டத்தின் உயிர் போய்விடும். எனவே வலுவின் இருப்பு வேண்டும் என்று கடைக்காரர் கருதினால் அது சரி. ஆனால் உங்கள் அறையில், உங்கள் சத்தத்தில், அந்த இருப்பு உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

இன்னும் வலுக்கூடிய ஒன்றை வாங்கினால் எவ்வளவு இலாபம் என்பதையும் பாருங்கள். 35 வாட்டை 70 ஆக்கினால் கிடைப்பது மூன்று டெசிபெல். கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு, அவ்வளவுதான். நம் காதுக்குச் சத்தம் இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து டெசிபெல் வேண்டும். 1976ஆம் ஆண்டளவில் பயோனியர் நிறுவனம் விற்ற ரிசீவர் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: மிகச் சிறியதான எஸ்எக்ஸ்-450 பக்கத்துக்கு 15 வாட், மிகப் பெரியதான எஸ்எக்ஸ்-1250 பக்கத்துக்கு 160 வாட். ஒருவர் சிறியதை விட்டு, ஒரே தூக்கில் தூக்க முடியாத அந்தப் பெரியதை வாங்கினாலும், அவருக்குக் கிடைக்கும் உச்சச் சத்தம் ஏறத்தாழ இரு மடங்காகவே கேட்டிருக்கும்.

அக்காலத்து வாட் கணக்கு இன்னொரு விதத்திலும் மதிப்புக்குரியது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974இல் கொண்டுவந்த விதியின்படி, விளம்பரத்தில் சொல்லும் வலு தொடர்ச்சியாகக் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்; எத்தனை ஓமில், எந்த மீடிறன் (அதிர்வெண்) எல்லைக்குள், எவ்வளவு திரிபோடு என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சந்தைக்கும் செற் அனுப்பிய யப்பானிய நிறுவனங்கள் அதற்கு ஏற்ப அளந்து எழுதின. ஆகவே அந்த விதிக்கு ஏற்ப எழுதிய 35 வாட் உண்மையான 35 வாட்.

அப்படியென்றால் வலுக் குறைந்த அம்ப்ளிபயர் ஸ்பீக்கரை எரிக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 35 வாட் கொடுக்கக்கூடிய ரிசீவரிடம் 100 வாட் கேட்டால், அது அலையின் தலையை வெட்டிவிடும். உருண்டையாக எழ வேண்டிய அலை மேலே தட்டையாகிவிடும். அதைத் தொழிலில் கிளிப்பிங் என்பார்கள். தட்டையான அலையில் மூலப் பாட்டில் இல்லாத உயர் மீடிறன்கள் பிறக்கின்றன. அவை நேரே, உயர்ந்த ஒலிகளை எழுப்பும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போகின்றன. மெல்லிய கம்பிச் சுருளைச் சூடாக்கி எரிக்கின்றன. தவிர, முற்றாக வெட்டுப்பட்ட நிலையில் 35 வாட் அம்ப்ளிபயர் அதைப்போல் இரு மடங்கு வரை வலுவைத் தள்ளவும் கூடும். எனவே கெடுதி செய்வது சிறிய அம்ப்ளிபயர் அன்று. அதன் எல்லையைத் தாண்டித் திருகுவதுதான். எல்லைக்குள் வைத்தால் 10 வாட் அம்ப்ளிபயரும் 200 வாட் ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது.

எல்லையைத் தாண்டியதை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். பலர் குமிழின் நிலையைப் பார்க்கிறார்கள்; அது பிழையான அடையாளம். வெளிக் கருவிகளைப் பூட்டும் ஓக்ஸ் உள்ளீடு பழைய ரிசீவர்களில் பெரும்பாலும் 150 மில்லிவோல்ட்டிலேயே முழு வலுவைத் தரும்படி அமைந்தது. இன்றைய சீ.டி. பிளேயர்கள் 2 வோல்ட் வரை அனுப்புகின்றன. ஆகவே குமிழ் கடிகார முள்ளின் பத்து மணி நிலையைக்கூடத் தாண்டாதபோதே ரிசீவர் உச்சத்தைத் தொட்டிருக்கலாம். இன்னும் பாதித் தூரம் இருக்கிறதே என்று திருகுபவர் கிளிப்பிங்குக்குள் போய்விடுகிறார். நம்ப வேண்டியது காதைத்தான்: சல்லரியின் ஒலி கரகரக்கத் தொடங்கினால், பாடகர் குரல் கீச்சென்று கடினமானால், உடனே குறையுங்கள்.

அதைவிட முக்கியமானது பேஸ் குமிழ். சிறிய ஸ்பீக்கரில் அடிச்சத்தம் குறைவாக இருப்பதால், பேஸ் குமிழை முழுவதும் திருகி, அடிச்சத்தத்தை மேலும் தூக்கும் லவுட்னஸ் சுவிட்சையும் போட்டுவிடும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. பேஸ் குமிழ் பல ரிசீவர்களில் அடிச்சத்தத்தை பத்து டெசிபெல் வரை உயர்த்தும். பத்து டெசிபெல் என்றால் அந்த மீடிறன்களுக்குப் பத்து மடங்கு வலு என்பதை மேலே கண்டோம். மத்தள அடிக்கு 11 வாட் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 110 வாட் தேவை. ரிசீவரிடமோ 35தான் இருக்கிறது. கலியாண வீடொன்றில் ஒரே இரவில் இரண்டு ட்வீட்டர்களும் எரிந்த சோடி ஒன்று என் மேசைக்கு வந்தது. ரிசீவரில் ஒரு பழுதும் இல்லை. பேஸ் முழுவதும் திருகியபடியே இருந்தது. ஆகவே புதிய சோடியை முதலில் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைத்தே ஒரு வாரம் கேளுங்கள். ஸ்பீக்கர்களைச் சுவருக்குச் சற்றுக் கிட்டவாக நகர்த்தினால், ஒரு வாட்டும் செலவில்லாமல் அடிச்சத்தம் கூடும்.

இனி ஓம் கணக்கு, அதாவது ஸ்பீக்கரின் மின்தடைக் கணக்கு. இதில் திருத்தும் தம்பி சொன்னதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் பழைய ரிசீவரை உண்மையில் கொல்வது ஓம் குறைவுதான். ஸ்பீக்கரின் ஓம் குறையக் குறைய, அதே வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் கூடும். 16.7 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் இழுப்பது 2.1 அம்பியர், 6 ஓம் என்றால் 2.8, 4 ஓம் என்றால் 4.2. அந்த மின்னோட்டம் முழுவதும் வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்களின் ஊடாகத்தான் போக வேண்டும், அதன் சூடும் அங்கேதான் சேரும். மேலும் 6 ஓம் என்பது ஓர் அடையாள எண்; பாட்டின் மீடிறனுக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப நியமத்தின்படி, குறித்த எண்ணின் 80 வீதத்துக்குக் கீழே அது இறங்கக்கூடாது. ஆகவே உங்கள் 6 ஓம் ஸ்பீக்கர் நியமத்துக்கு ஏற்றதாயின் 4.8 ஓம் வரை இறங்கலாம்.

இதற்கு விடை உங்கள் ரிசீவரின் பின்புறத்தில், ஸ்பீக்கர் முனைகளுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. அக்காலத்து ரிசீவர்கள் பலவற்றில், ஏ அல்லது பி என ஒரு சோடி மட்டும் பூட்டினால் 4 முதல் 16 ஓம் வரை, இரண்டு சோடியும் சேர்த்தால் 8 முதல் 16 ஓம் வரை என்று இருக்கும். உங்களுடையதிலும் அப்படி இருந்தால், 6 ஓம் சோடி ஒன்றைத் தாராளமாகப் பூட்டலாம். ஆனால் திண்ணைக்கு இன்னொரு சோடியை பி முனையில் பூட்டி இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். இரண்டு 6 ஓம் சமாந்தரமாகச் சேர்ந்தால் 3 ஓம் ஆகிவிடும். ஒரு சோடிக்கே 8 ஓமுக்குக் குறையக்கூடாது என்று எழுதியிருந்தால், நடுத்தரச் சத்தத்தில் கேட்பதில் ஆபத்து குறைவுதான் என்றாலும், நான் அந்த எழுத்தை மதித்து வேறு 8 ஓம் சோடி தேடுவேன்.

பூட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டிய சோதனைதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. நாற்பது ஆண்டு கடந்த செற் அது. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று பட்ட உலோகம் கறுத்துவிடும். முதலாவது, பின்புறத்தில் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் அது எதில் நிற்கிறது என்று பாருங்கள். வளைகுடா நாடுகளுக்கு விற்ற செற்களில் 110, 120, 220, 240 என்று நான்கு நிலை இருப்பதுண்டு. நமது மின்சாரம் 230 வோல்ட் என்பதால் 240இல் வைப்பதே பழைய ட்ரான்ஸ்போமருக்கு இதம். இரண்டாவது, பியூஸ் இருக்கும் இடத்தில் உண்மையான பியூஸ்தான் இருக்கிறதா, அல்லது யாரோ ஒருவர் வயர் இழையைச் சுற்றியிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். இழை சுற்றிய செற்றில் ஒரு ட்ரான்சிஸ்டர் போனால் அதோடு ஸ்பீக்கரும் போகும்.

மூன்றாவது சோதனைக்கு ஒரு மல்டிமீற்றர் போதும். ஸ்பீக்கர் ஒன்றும் பூட்டாமல் ரிசீவரைப் போட்டு, சத்தத்தை முற்றாகக் குறைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு பக்கத்து ஸ்பீக்கர் முனையிலும் நேரோட்ட வோல்ட்டை அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100ஐத் தாண்டினால் திருத்தாமல் புதிய ஸ்பீக்கரைப் பூட்ட வேண்டாம், ஏனென்றால் நேரோட்டம் பாட்டாக மாறாது. சுருளைச் சூடாக்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. போட்டுச் சில விநாடிகளில் உள்ளே க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்டால், அது ஸ்பீக்கரைக் காக்கும் தானியங்கிச் சுவிட்சான ரிலே. அது கேட்பது நல்ல அறிகுறி. ஒரு பக்கம் அடிக்கடி மங்கி, சத்தத்தைக் கூட்டினால் திரும்பி வந்தால், அந்த ரிலேயின் முனைகளோ சுவிட்சுகளோ கறுத்திருக்கின்றன. குமிழ் திருகும்போது கரகரத்தால் கொன்ராக்ட் கிளீனர் தெளித்துப் பல தடவை திருக வேண்டும். இவை சிறிய வேலைகள்.

வயர் பற்றியும் ஒரு சொல். ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் வரை ஐந்து மீற்றர் என்றால் போக வர பத்து மீற்றர் செம்பு. 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் அதன் தடை 0.12 ஓம், போதுமானது. ரேடியோவுக்குப் பாவிக்கும் அரைச் சதுர மில்லிமீற்றர் வயரில் 0.35 ஓம், கூடாது. விலையுயர்ந்த வயர் தேவையில்லை. சிவப்பை சிவப்புக்கும் கறுப்பை கறுப்புக்கும் இரண்டு பக்கத்திலும் ஒரே விதமாகப் பூட்டுங்கள். ஒரு பக்கம் மாறிவிட்டால் அடிச்சத்தம் காணாமல் போகும், அதைத் தேடி பேஸ் குமிழைத் திருகுவீர்கள், பழைய கதை மீண்டும் தொடங்கும். செற்றின் மேல் பின்னல் துணி விரிக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால், அதை எடுத்துவிடுங்கள். அந்தத் துளைகள் சூடு வெளியேறுவதற்கானவை. 6 ஓம் பூட்டிய பின் அவை இன்னும் முக்கியம்.

கேள்வி (அக்கரைப்பற்று, பல்கலைக்கழக மாணவர்):

வாப்பாவின் ரிசீவர் பக்கத்துக்கு 15 வாட் மட்டுமே, 8 ஓம். பாவித்த ஸ்பீக்கர் வாங்க இருக்கிறேன். வலுக் குறைந்த செற்றுக்கு எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்:

முதலில் உணர்திறனைப் பாருங்கள், பிறகு ஓமை, கடைசியில்தான் வாட்டை. 90 டெசிபெல் ஸ்பீக்கரோடு உங்கள் 15 வாட் ரிசீவர் எழுப்பும் உச்சச் சத்தம், மேலே உள்ள கல்லடி வாசகரின் 35 வாட் ரிசீவர் 86 டெசிபெல் ஸ்பீக்கரோடு எழுப்புவதற்குச் சமம். சரியான ஸ்பீக்கரைத் தேர்ந்தால், 20 வாட்டை இனாமாகப் பெற்றது போல.

ஆனால் ஒரு கண்ணியைக் கவனியுங்கள். உணர்திறனை 2.83 வோல்ட்டில் அளப்பதாகச் சொன்னேன். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் இரண்டு வாட். எனவே 4 ஓம், 90 டெசிபெல் என்று எழுதிய ஸ்பீக்கர், வாட் கணக்கில் 87 டெசிபெலுக்கு மேல் போகாது. அந்த மூன்று டெசிபெல் உங்கள் ரிசீவரின் ட்ரான்சிஸ்டரிலிருந்து எடுத்த கடன். உங்களுக்கு உண்மையான 8 ஓம், 89 அல்லது 90 டெசிபெல் வேண்டும். அடிச்சத்தம் தரும் வூபர் பெரிதாக உள்ள, பெட்டி பெருத்த, பழைய மாதிரி ஸ்பீக்கர்களில் அவை கிடைக்கும். சிறிய பெட்டி, ஆழ்ந்த அடிச்சத்தம், உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதற்கு இயற்பியல் இடம் தருவதில்லை.

வாங்கப் போகும்போது வூபரின் காகிதக் கூம்பின் நடுவை இரு பக்கமும் விரல் வைத்து மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். உராயும் சத்தம் கேட்டால் சுருள் கெட்டிருக்கிறது. 1.5 வோல்ட் பற்றரி ஒன்றைக் கணநேரம் தொட்டால் வூபர் முன்னுக்கோ பின்னுக்கோ நகர வேண்டும். விளிம்பு நுரையை நகத்தால் தொட்டதும் தூளாக வந்தால் விலையில் அதைக் கழியுங்கள்.

கேள்வி (ஏறாவூர், கடை வைத்திருப்பவர்):

புதிய செற் ஒன்றில் 3000 வாட் பீ.எம்.பீ.ஓ. என்று போட்டிருக்கிறது. பழைய ரிசீவரின் 35 வாட்டை இதோடு எப்படி ஒப்பிடுவது?

பதில்:

ஒப்பிட வேண்டாம். பீ.எம்.பீ.ஓ. (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்பதற்கு ஒரு நியமமும் இல்லை; மிகச் சிறு கணத்தில், திரிபைப் பொருட்படுத்தாமல் கற்பித்த எண் அது. செற்றின் பின்புறத்தில் அது மின்சாரத்திலிருந்து இழுக்கும் வாட் எழுதியிருக்கும். அங்கே 60 வாட் என்றிருந்தால், தொடர்ந்து 60 வாட்டுக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போக வழியே இல்லை.

கேள்வி (களுவாஞ்சிகுடி, குடும்பத் தலைவி):

தங்கை கனடாவிலிருந்து 120 வோல்ட் ரிசீவர் அனுப்பியிருக்கிறா. கடையில் கிடைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் 110 வோல்ட்தான் தருகிறது. வலு குறைந்து ஸ்பீக்கருக்குப் போதாமல் போகுமா?

பதில்:

போதும். செலக்டர் இல்லாத ரிசீவர் என்றால் அதை நேரே நம் சுவர் பிளக்கில் ஒருமுறைகூடச் செருக வேண்டாம். 120க்குப் பதில் 110 வோல்ட் கிடைத்தால் உச்ச வலு ஏறத்தாழ 16 வீதம் குறையும். 35 வாட் 29 ஆகும். காதுக்கு அது ஒரு டெசிபெலுக்கும் குறைவு; உங்களால் வேறுபாடு காண முடியாது.

உண்மையில் அந்தக் குறைவு நன்மையே. கனடாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், நம்முடையது 50. 60க்கு மட்டும் சுற்றிய ட்ரான்ஸ்போமர் 50இல் ஓடும்போது அதன் இரும்பில் காந்தச்சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடி, அதிகம் சூடாகும். வோல்ட்டைச் சற்றுக் குறைத்தால் அந்தச் சுமையும் குறைகிறது. பின்புறத்தில் 50–60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் இந்தக் கவலையும் இல்லை. ஸ்டெப் டவுன் வாங்கும்போது ரிசீவரில் எழுதிய வாட்டைப்போல் இரு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். 250 வாட் என்றிருந்தால் 500 வீ.ஏ. (வோல்ட்-அம்பியர்).

கேள்வி (திருக்கோவில், அம்பாறை மாவட்டம், கூத்துக் கலைஞர்):

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வளவில் கூத்துப் பழகும்போது பழைய பதிவைப் போட்டுக் காட்ட வீட்டு ரிசீவரையும் ஸ்பீக்கரையும் வெளியே கொண்டுபோகலாமா? 35 வாட், 86 டெசிபெல்.

பதில்:

சில பிள்ளைகள் கிட்ட இருந்து கேட்பதற்கு மட்டும் கொண்டுபோங்கள். வெட்டவெளியில் தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஆறு டெசிபெல் போய்விடும். திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. உங்கள் சோடி பதினாறு மீற்றர் தள்ளி உச்சக் கணத்தில் 80 டெசிபெலைத்தான் தொடும். சராசரி 60க்கு இறங்கிவிடும். அது பேச்சுச் சத்தம். காற்றும் சனமும் சேர்ந்தால் அண்ணாவியாரின் தாளக்கட்டு கேட்காது, யாராவது ஒருவர் குமிழைத் திருகுவார், ட்வீட்டர் போகும்.

கோயிலிலோ சனசமூக நிலையத்திலோ கூம்பு ஒலிபெருக்கி இருந்தால் அதை அதற்குரிய அம்ப்ளிபயரோடு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூம்பைக் கழற்றி வீட்டு ரிசீவரில் பூட்டுவதாக இருந்தால், உள்ளே லைன் ட்ரான்ஸ்போமர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல ஒலிபெருக்கிகளை நீண்ட வயரில் ஓட்டும் 100 வோல்ட் லைனுக்குச் செய்த கூம்பு வீட்டு ரிசீவரோடு பொருந்தாது, சத்தம் மிகவும் தாழ்ந்தே வரும். ட்ரான்ஸ்போமர் இல்லாத 8 அல்லது 16 ஓம் கூம்பு என்றால் உங்கள் 35 வாட் வளவு முழுவதற்கும் போதும். ஆனால் மத்தளத்தின் அடிச்சத்தம் அதில் வராது. பிள்ளைகள் பாட்டையும் தாளத்தையும் அதில் பிடித்துக்கொள்ளட்டும், மத்தளத்தின் முழு ஓசைக்குப் பதிவை வீட்டுக்குள் அந்த இரண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் அமர்த்திப் போட்டுக் காட்டுங்கள்.